350 அடித்தும் நிம்மதி இல்லை: ஒருநாள் கிரிக்கெட்டில் பவுலருக்கு என்ன மிச்சம்?

கேள்வி இதுதான்: முன்பெல்லாம் 250 எடுத்தாலே பாதி ஜெயித்த மாதிரி இருக்கும், இப்போது 350 எடுத்த அணியும் தோற்கிறது. ஒருநாள் கிரிக்கெட் முழுக்க பேட்ஸ்மேன் ஆட்டமாகிவிட்டதா? முனைக்கு ஒன்றாக இரண்டு புதிய பந்து கொண்டுவந்ததுதான் இதற்கெல்லாம் காரணமா?

பேட்டிங் பக்கம் சாய்ந்தது உண்மைதான். ஆனால் பழி முழுவதையும் இரண்டு பந்து மேல் போடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. 2006 மார்ச் 12 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் ஆஸ்திரேலியா 434 அடித்தது, தென்னாப்பிரிக்கா ஒரு பந்து மிச்சம் வைத்து 438 எடுத்து ஜெயித்தது. ஆஸ்திரேலியப் பவுலர் மிக் லூயிஸ் 10 ஓவரில் 113 ரன் கொடுத்தார், ஒரு விக்கெட்கூட இல்லை. அன்று இரண்டு முனைக்கும் சேர்த்து ஒரே பந்துதான். இரண்டு பந்து விதி வந்தது அதற்கு ஐந்து ஆண்டு கழித்து, 2011 அக்டோபரில்.

இன்னொரு விஷயத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 1992 உலகக் கோப்பையிலும் இரண்டு முனையிலிருந்தும் தனித்தனி புதிய வெள்ளைப் பந்துதான். அங்கே ஸ்கோர் எகிறியதா? இல்லை. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மைதானங்களில் பந்து ஸ்விங் ஆகிக்கொண்டே, அதாவது காற்றில் வளைந்துகொண்டே இருந்தது, 230, 240 எல்லாம் சண்டை போடக்கூடிய ஸ்கோராக இருந்தது. மெல்போர்ன் இறுதிப்போட்டியில் பாகிஸ்தானின் வாசிம் அக்ரம் அடுத்தடுத்த பந்துகளில் இங்கிலாந்தின் ஆலன் லாம்பையும் கிறிஸ் லூயிஸையும் போல்டாக்கியது 35-ஆவது ஓவரில். ஒரே விதி 1992-ல் பவுலருக்குக் கை கொடுத்தது, 2013-ல் அவரைக் காலி செய்தது. விதியைத் தனியாக எடுத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. பிட்ச், பேட், எல்லைக் கயிறு, பீல்டிங் வட்டம், டி20-யில் வளர்ந்த பேட்ஸ்மேன் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்கோர் பெரிதாக இருப்பதே சமநிலை கெட்டதற்கு அடையாளம் என்றும் நான் நினைக்கவில்லை. 2025 செப்டம்பரில் சவுத்தாம்ப்டனில் இங்கிலாந்து 414 அடித்தது. அதே பிட்சில் அன்றே தென்னாப்பிரிக்கா 72-க்குச் சுருண்டது. அது பேட்ஸ்மேன் பிட்சா, பவுலர் பிட்சா? நான் பார்ப்பது வேறு ஒன்றை: 11-ஆவது ஓவரிலிருந்து 40-ஆவது ஓவர் வரை பவுலருக்கு விக்கெட் எடுக்க ஏதாவது வழி இருக்கிறதா? முதல் பத்து ஓவரில் புதுப் பந்து எப்படியும் கொஞ்சம் உதவும். கடைசிப் பத்தில் பேட்ஸ்மேன் அடித்தே ஆக வேண்டும், அதனால் விக்கெட் தானாகவே விழும். நடுவில் இருக்கிற 30 ஓவர்தான் ஒருநாள் கிரிக்கெட்டின் உயிர். அங்கே பவுலரால் முடிந்ததெல்லாம் ‘ஓவருக்கு ஆறு ரன்னோடு நிறுத்தினால் போதும்’ என்று ஆகிவிட்டால் ஆட்டம் செத்துவிடும், ஸ்கோர் 280 ஆக இருந்தாலும் சரி.

நடு ஓவர்களில் பவுலரிடம் இருந்த ஆயுதம் பழைய பந்துதான். ஒருநாள் போட்டியில் பயன்படும் கூகபுரா நிறுவனத்தின் வெள்ளைப் பந்தின் மேல்பூச்சு கெட்டியானது, தையல் சீக்கிரம் அமுங்கிவிடும். சாதாரண ஸ்விங் சில ஓவர்களிலேயே முடிந்துவிடும். அப்புறம் காய்ந்த தரையில் உரசி உரசி ஒரு பக்கம் சொரசொரப்பாகி, இன்னொரு பக்கத்தை வீரர்கள் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருந்தால், வேகமாக வீசும்போது பந்து எதிர்த்திசையில் திரும்பத் தொடங்கும். அதுதான் ரிவர்ஸ் ஸ்விங். சுழலுக்கும் இதே கதை: பந்து மென்மையானால்தான் விரலில் நன்றாகப் பிடி கிடைக்கும், பிட்சில் கொஞ்சம் நின்று வரும், பேட்ஸ்மேன் தூக்கி அடித்தால் பழைய பந்து அவ்வளவு தூரம் போகாது.

நேரில் பார்த்தவர்களுக்கும் டிவியில் பார்த்தவர்களுக்கும் மறக்காத ஓர் ஓவர் இருக்கிறது. 2011 பிப்ரவரி 27, பெங்களூரு, உலகக் கோப்பை ஆட்டம். இந்தியா 338. இங்கிலாந்து 2 விக்கெட்டுக்கு 281, ஸ்ட்ராஸ் 158-லும் பெல் 69-லும் நிற்கிறார்கள். இன்னும் 58 ரன்தான், கையில் எட்டு விக்கெட், பேட்டிங் பவர்பிளேயையும் (பீல்டர்களை வெளியே அதிகம் நிறுத்த முடியாத, பேட்டிங் அணியே தேர்ந்தெடுக்கும் ஓவர்கள்) எடுத்துவிட்டார்கள். மைதானமே அமைதியாகிவிட்டது. 43-ஆவது ஓவரில் ஜாகீர் கான் வந்தார். பெல் தூக்கி அடிக்கப் போய் கோலியிடம் கேட்ச். அடுத்த பந்து யார்க்கர், பழைய பந்து உள்ளே வளைந்து ஸ்ட்ராஸின் காலில் பட்டது, எல்பிடபிள்யூ. தன் அடுத்த ஓவரில் காலிங்வுட்டையும் போல்டாக்கினார். கடைசியில் 338-க்கு 338, டை. இரண்டு அணியும் சேர்ந்து 676 ரன் அடித்த ஆட்டம் அது. ஆனாலும் அதில் பவுலருக்கு இடம் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? கையில் இருந்தது அப்போதைய விதிப்படி 34 ஓவர் முடிந்ததும் மாற்றித் தந்த, ஏற்கெனவே ஆடிப் பழசான பந்து. வெள்ளைப் பந்து அழுக்காகி விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்பதால் 2007-லிருந்து இந்த மாற்றம் கட்டாயமாக இருந்தது.

அந்த ஆண்டு அக்டோபரில் இரண்டு பந்து வந்தது. 50 ஓவர் முடியும்போது எந்தப் பந்துக்கும் 25 ஓவருக்கு மேல் வயது ஆகாது. ரிவர்ஸ் ஸ்விங் கிட்டத்தட்டக் காணாமல் போனது. 2018-ல் டெண்டுல்கர் இதை வெளிப்படையாகவே கண்டித்தார். ரிவர்ஸ் ஸ்விங்கிலேயே பெயர் வாங்கிய வக்கார் யூனிஸ் அவருக்கு ஒத்து ஊதினார். ஆனால் என் கணக்கில் அதைவிடப் பெரிய அடி 2012 அக்டோபரில் விழுந்தது. அதைப் பற்றித்தான் ஏனோ அதிகம் பேச மாட்டேன் என்கிறார்கள்.

அதுவரை பவர்பிளே இல்லாத நேரத்தில் பிட்சைச் சுற்றியுள்ள பீல்டிங் வட்டத்துக்கு வெளியே ஐந்து பேரை நிறுத்தலாம். 2012-ல் அதை நான்காகக் குறைத்தார்கள். ஒரே ஒரு ஆள்தானே என்று தோன்றும். ஓர் ஆஃப் ஸ்பின்னர் வலது கை பேட்ஸ்மேனுக்கு வீசுவதை நினைத்துப் பாருங்கள். லாங் ஆன், டீப் மிட்விக்கெட், டீப் ஸ்கொயர் லெக், டீப் கவர், லாங் ஆஃப். இந்த ஐந்து பேரும் வெளியே இருந்தால் அவர் தைரியமாகப் பந்தைத் தூக்கிப் போட்டு ‘அடி பார்க்கலாம்’ என்று ஆசை காட்டலாம். இதில் ஒருவரை உள்ளே இழுத்தால், லாங் ஆஃப் மிட் ஆஃபாக மாறுகிறது. பேட்ஸ்மேன் ஒரு அடி இறங்கி அவர் தலைக்கு மேல் தூக்கினால் நான்கு ரன். டீப் ஸ்கொயரை உள்ளே இழுத்தால் ஸ்வீப். ஸ்பின்னர் என்ன செய்வார்? பந்தைத் தட்டையாக, வேகமாகக் காலுக்குள் போடுவார். விக்கெட் எடுக்கும் எண்ணமே போய்விடும். முழுநேர ஸ்பின்னருக்கே இந்தக் கதி என்றால் பகுதிநேரக்காரர்கள் நிலைமையைக் கேட்கவே வேண்டாம்.

பகுதிநேரப் பந்துவீச்சு அழிந்ததற்கு இதுதான் முக்கியக் காரணம் என்பது என் கருத்து. டெண்டுல்கர் ஒருநாள் போட்டிகளில் 154 விக்கெட் எடுத்தவர். ஜெயசூர்யா தொடக்க வீரராக ஆடிக்கொண்டே 323 விக்கெட் எடுத்தார். 2011 உலகக் கோப்பையில் யுவராஜ் சிங் 15 விக்கெட் எடுத்துத் தொடர் நாயகனானார். இன்று பல அணிகளில் முதல் ஐந்து பேரில் பந்தைக் கையில் எடுப்பவரே இல்லை. 2023 உலகக் கோப்பையில் ஹர்திக் பாண்டியாவுக்குக் காயம் பட்டதும் இந்தியா ஐந்தே பவுலர்களோடுதான் மீதி ஆட்டங்களை ஆடியது. ஒருவருக்கு ஒரு மோசமான நாள் அமைந்தால் மாற்று கிடையாது.

2012 விதியின் பலன் 2013-ல் தெரிந்தது. ஆஸ்திரேலியா இந்தியாவுக்கு வந்த அந்தத் தொடரை நினைவிருக்கிறதா? ஜெய்ப்பூரில் 360 இலக்கை இந்தியா ஒரே ஒரு விக்கெட்டை இழந்து 43.3 ஓவரில் எட்டியது. கோலிக்கு 52 பந்தில் சதம். நாக்பூரில் 351-ஐத் துரத்திப் பிடித்தார்கள். பெங்களூருவில் ரோகித் 209. ஆண்கள் ஒருநாள் போட்டியில் 2010 பிப்ரவரியில் டெண்டுல்கர் குவாலியரில் அடிக்கும்வரை இரட்டைச் சதமே கிடையாது. (பெண்கள் ஆட்டத்தில் பெலிண்டா கிளார்க் 1997-லேயே அடித்துவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) அடுத்து 2011-ல் சேவாக். ஒருநாள் கிரிக்கெட் தொடங்கி ஏறக்குறைய 42 ஆண்டுகளில் மொத்தம் இரண்டு. 2013 நவம்பரிலிருந்து 2015 மார்ச்சுக்குள் மட்டும் நான்கு: ரோகித் 209, 264, கெயில் 215, கப்டில் 237. இதற்கிடையில் 2015 ஜனவரியில் டிவில்லியர்ஸ் 31 பந்தில் சதம் அடித்தார். 2012 விதிக்குப் பின் வந்த அந்த இரண்டரை ஆண்டுதான் பவுலர்களுக்கு உண்மையான இருண்ட காலம். ஐசிசிக்கும் அது புரிந்துதான் 2015 ஜூலையில் பேட்டிங் பவர்பிளேயை எடுத்துவிட்டு, கடைசிப் பத்து ஓவருக்கு வெளியே ஐந்து பேரை அனுமதித்தார்கள். 11 முதல் 40 வரை இன்றும் நான்குதான்.

பேட் தடிமனாகிவிட்டது என்ற புகாரை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2017 அக்டோபரிலிருந்து விளிம்பு 40 மில்லிமீட்டர், மொத்தத் தடிமன் 67 மில்லிமீட்டர் என்று வரம்பு இருக்கிறது. அதற்குப் பிறகுதான் இங்கிலாந்து 481-ம் 498-ம் அடித்தது. எல்லைக் கயிற்றை உள்ளே இழுப்பது அதைவிட அநியாயம். மைதானம் பெரிதாகவே இருக்கும், கயிறு மட்டும் பத்து அடி, பதினைந்து அடி உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். பீல்டர் கயிற்றில் காலை இடித்துக்கொள்ளாமல் இருக்கவும் விளம்பரப் பலகைகளுக்கும் கொஞ்சம் இடம் வேண்டும்தான். ஆனால் டைமிங் தப்பிய ஷாட்டும் சிக்ஸராகப் போகும்போது பவுலர் முகத்தைப் பாருங்கள்.

சரி, விதி இப்படி இருந்தும் பவுலர்கள் ஜெயித்த இடங்கள் இருக்கின்றன. அங்கேதான் எனக்கு விடை கிடைக்கிறது.

2019 உலகக் கோப்பைக்கு முன்னால் எல்லோரும் 500 ரன் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்கோர் அட்டையிலேயே 500-க்கு இடம் வைத்தார்கள் என்றெல்லாம் பேச்சு. கடைசியில் நடந்தது என்ன? இறுதிப்போட்டி 241-க்கு 241. அரையிறுதியில் இந்தியாவால் 240-ஐ எடுக்க முடியவில்லை. மிட்செல் ஸ்டார்க் அந்தத் தொடரில் 27 விக்கெட் எடுத்தார், ஓர் உலகக் கோப்பையில் அதுதான் இதுவரை அதிகம். விதி அதேதான், இரண்டு பந்துதான், வெளியே நான்கு பேர்தான். பிட்ச் மட்டும் கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் ஈரமாக இருந்தது.

2023 அக்டோபர் 8, சேப்பாக்கம், உலகக் கோப்பையில் இந்தியா–ஆஸ்திரேலியா ஆட்டம். ஆஸ்திரேலியா டாஸ் ஜெயித்து பேட்டிங் எடுத்தது. வெயிலில் காய்ந்த பிட்ச், பந்து நின்று வந்தது. ஸ்மித் 46-ல் நன்றாக நிலைத்து நிற்கிறார். ஜடேஜா வீசிய பந்து மிடில், லெக் பக்கம் விழுந்து, தடுக்க வந்த பேட்டைத் தாண்டித் திரும்பி ஆஃப் ஸ்டம்பின் தலையைத் தட்டியது. சேப்பாக்கத்துக்குப் போய் வருபவர்களுக்கு இது புதுசு இல்லை, ஆனாலும் ஸ்மித் ஒரு நொடி அப்படியே நின்று பார்த்தார். ஆஸ்திரேலியா 199. ஜடேஜா 28 ரன்னுக்கு 3. இவ்வளவுதானா என்று நினைத்தால், இந்தியா 2 ரன்னுக்கு 3 விக்கெட். இஷான், ரோகித், ஸ்ரேயஸ் மூன்று பேருமே முட்டை. 12-ல் கோலி கொடுத்த கேட்சை மார்ஷ் பிடித்திருந்தால் கதையே வேறு. கோலி 85, ராகுல் 97 எடுத்துக் கரை சேர்த்தார்கள். ராகுல் நான்கு அடித்துவிட்டு அப்புறம் சிக்ஸர் அடித்துச் சதம் போடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார், முதல் அடியே சிக்ஸராகப் போய் ஆட்டம் முடிந்துவிட்டது. 200-க்குக் கீழே ஸ்கோர், ஆனால் கடைசிவரை யாரும் சேனல் மாற்றியிருக்க மாட்டார்கள்.

அதே தொடரில் டெல்லியில் தென்னாப்பிரிக்கா இலங்கைக்கு எதிராக 428 அடித்தது, ஒரே இன்னிங்ஸில் மூன்று சதம். இரண்டு ஆட்டத்துக்கும் விதி ஒன்று, பந்து ஒன்று, நாள் கணக்கில் ஒரு நாள்தான் இடைவெளி. வித்தியாசம் மண்ணில்தான்.

அதே தொடரில் ஆஸ்திரேலியாவுடன் ஆடிய அகமதாபாத் இறுதிப்போட்டி நம் ஆட்களுக்குக் கசப்பான நினைவு. ஆனால் இந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. காய்ந்து மெதுவாக இருந்த பிட்ச். ராகுல் 107 பந்து ஆடி 66 எடுத்தார், அதில் ஒரே ஒரு பவுண்டரி. கம்மின்ஸ் வேகத்தைக் குறைத்துக் குறைத்துக் கட்டர்களாகப் போட்டார், 10 ஓவரில் 34 ரன்தான். 42-ஆவது ஓவரில் ஸ்டார்க் ரிவர்ஸ் ஸ்விங்கில் ராகுலை விக்கெட் கீப்பரிடம் கேட்ச் கொடுக்க வைத்தார். ரிவர்ஸ் ஸ்விங்! இரண்டு பந்து விதியில், 21 ஓவர்கூட முடியாத பந்தில்! தரை காய்ந்து சொரசொரப்பாக இருந்தால் அந்த விதியிலும் பந்து பேசும். அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் கொழும்பு பிரேமதாசாவில் இந்தியா ஆடிய மூன்று ஆட்டங்களும் அதே சங்கதிதான். முதலாவது 230-க்கு 230 டை. இரண்டாவதில் வாண்டர்சே 33 ரன்னுக்கு 6 விக்கெட். மூன்றாவதில் வெல்லாலகே 5 விக்கெட், இந்தியா 138-க்கு ஆல் அவுட். இலங்கை தொடரை வென்றது.

ஆக, கையில் இருக்கும் பெரிய சாவி பிட்ச் போடுபவரிடம் இருக்கிறது. விதியை எப்படி மாற்றினாலும், சிமென்ட் ரோடு மாதிரி ஒரு பிட்சைப் போட்டு எல்லைக் கயிற்றை உள்ளே இழுத்தால் 380 வரத்தான் செய்யும். ஒளிபரப்புக்குச் சிக்ஸர் வேண்டும், டிக்கெட் வாங்கியவருக்கு முழு 100 ஓவர் வேண்டும், அதனால் உள்ளூர்ச் சங்கங்களும் பாதுகாப்பாகத் தட்டைப் பிட்சையே போடுகின்றன. இதில் யாரையும் திட்டிப் பயன் இல்லை, அவர்கள் கணக்கு வேறு.

பனியைச் சொல்லாமல் விட முடியாது. இந்தியாவில் பகலிரவு ஆட்டங்களில் இது பேட்டிங்குக்கும் பவுலிங்குக்கும் நடுவில் இருக்கும் பிரச்சினைகூட இல்லை, முதலில் வீசும் அணிக்கும் பிறகு வீசும் அணிக்கும் இடையே உள்ள அநியாயம். இரவில் பந்து சோப்புக் கட்டி போல வழுக்கும்போது ஸ்பின்னர் எதைப் பிடித்துத் திருப்புவார்? டாஸ் போட்டதுமே பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது. ஆட்டத்தை முன்கூட்டியே தொடங்குவதுதான் எனக்குத் தெரிந்த நல்ல மருந்து, அதற்கு ஒளிபரப்பாளர்கள் இலேசில் சம்மதிக்க மாட்டார்கள்.

இப்போது 2025 ஜூலையிலிருந்து வந்திருக்கும் மாற்றத்துக்கு வருவோம். முதல் 34 ஓவருக்கு வழக்கம்போல இரண்டு பந்து. அதன்பின் பந்து வீசும் அணி அந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கடைசி 16 ஓவரையும் இரண்டு முனையிலிருந்தும் அதிலேயே வீச வேண்டும். 34 ஓவர் முடியும்போது ஒவ்வொரு பந்துக்கும் 17 ஓவர் வயது. தேர்ந்தெடுத்த பந்து 50-ஆவது ஓவர் முடிவில் 33 ஓவர் ஆடியிருக்கும். பழைய விதியில் அது 25-தான். எட்டு ஓவர் என்பது சின்ன விஷயம் இல்லை, பந்து ரிவர்ஸ் ஆகத் தொடங்குவதே பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். கேப்டனுக்கும் யோசிக்க ஒரு வேலை வந்திருக்கிறது: ஒரு முனைப் பந்தை ஸ்பின்னர்களிடமும் இன்னொன்றை வேகப்பந்து வீச்சாளர்களிடமும் கொடுத்து வைத்தால் 35-ஆவது ஓவரில் எந்தப் பந்து எந்த நிலையில் இருக்கும் என்று முன்பே திட்டமிடலாம். எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது. ஆனால் பந்தைப் பளபளப்பாக்க எச்சில் போடக் கூடாது என்ற தடை அப்படியே இருக்கிறது, வியர்வையை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். நடு ஓவர்களில் நான்கு பேர் விதியையும் தொடவில்லை. அதனால் பலன் முக்கியமாகக் கடைசிப் பத்து, பன்னிரண்டு ஓவரில்தான் தெரியும். நான் கவலைப்படும் 11–40 பகுதி பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.

என்னைக் கேட்டால் இரண்டு காரியம் செய்வேன். 25-ஆவது ஓவருக்குப் பிறகு வெளியே ஐந்து பேரை அனுமதிப்பேன், ஸ்பின்னர் மறுபடி பந்தைத் தூக்கிப் போடட்டும். இரண்டாவது, ஒவ்வொரு அணியிலும் யாராவது ஒரே ஒரு பவுலருக்கு 12 ஓவர் கொடுப்பேன். பேட்ஸ்மேன் 300 பந்தில் எத்தனை வேண்டுமானாலும் ஆடலாம், பும்ராவுக்கு மட்டும் 60 பந்தோடு கதவு சாத்தப்படுகிறது. அவரைக் கட்டை போட்டே கடந்துவிட்டு அடுத்தவரை வெளுத்து வாங்கலாம் என்பதுதான் எல்லா அணிகளின் திட்டமும். கூடுதலாக இரண்டு ஓவர் இருந்தால் கேப்டன் அவரை 28-ஆவது ஓவரிலும் துணிந்து கொண்டுவருவார். இதனால் ஐந்தாவது பவுலரின் முக்கியத்துவம் குறையும், ஆல்ரவுண்டர்களுக்கு இடம் போகும் என்று ஒரு எதிர்வாதம் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. இருந்தாலும் காசு கொடுத்து மைதானத்துக்குப் போகிறவன் ஆறாவது பவுலரின் மூன்று ஓவரைப் பார்ப்பதைவிட பும்ராவின் இன்னும் இரண்டு ஓவரைப் பார்க்கத்தான் விரும்புவான்.